கம்பைலர் போட்டாச்சு, ஆனா ஓட மாட்டேங்குது: பாத், பைத்தான், என்விரான்மென்ட் வேரியபிள் பத்தி நம்ம பக்கத்துப் பசங்க கேக்குற கேள்விங்க

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கமிருந்து கோயமுத்தூருக்கும் பொள்ளாச்சிக்கும் பஸ் ஏறி காலேஜ் போற பசங்க, அப்பறம் வாளையாருக்கு அந்தாண்ட தமிழ்நாட்டுப் பக்கத்துப் பசங்க, எல்லாரும் சேர்க்கை முடிஞ்சு முதல் லேப் வந்தவொடனே ஒரே மாதிரி கேள்விய தான் லேப்டாப்ப தூக்கிட்டு வந்து கேக்குறாங்க. கேரளா ஸ்கூல்ல படிச்ச பசங்களுக்கு உபுண்டு கொஞ்சம் தெரியும், கைட் (கேரளா அரசாங்கத்தோட ஸ்கூல் ஐடி அமைப்பு) குடுக்குற லினக்ஸ்ல தான ஐடி பீரியட் ஓடுது, ஆனா விண்டோஸ் கைல வந்தா முழிப்பாங்க. தமிழ்நாட்டுப் பசங்க அப்படியே தலைகீழு, அரசாங்க லேப்டாப்ல பாஸ் லினக்ஸ் கூடவே வந்தாலும் அத தொறந்து பாத்தவன் ரொம்ப கம்மி. அதனால ரெண்டு பக்கத்துக்கும் சேத்து எழுதிருக்கேன். கமாண்ட் பேரெல்லாம் உச்சரிப்புல இருக்கு, டைப் பண்றப்போ இங்கிலீஷ்ல சின்ன எழுத்துல அடிச்சுக்கங்க.

என்விரான்மென்ட் வேரியபிள்னா என்னங்ண்ணா? கம்பைலர் போடறதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

ஒரு பேரு, அதுக்கு ஒரு மதிப்பு, அவ்வளவு தான். எந்த புரோகிராம் ஸ்டார்ட் ஆனாலும் அத ஸ்டார்ட் பண்ணி வுட்ட புரோகிராம் கிட்ட இருந்து இந்த மாதிரி ஒரு பட்டியல் அதுக்கு காப்பியாகி வரும். அதுல முக்கியமானது பாத். நீங்க ஜிசிசின்னு (நாம எழுதுன சி புரோகிராம மெஷின் ஓட்டற மாதிரி மாத்துற கம்பைலர்) அடிச்சா சிஸ்டம் ஹார்ட் டிஸ்க் பூரா தேடாது, பாத்ல எழுதியிருக்குற ஃபோல்டர்கள மட்டும் (விண்டோஸ் கமாண்ட் ப்ராம்ப்ட்னா நீங்க நிக்குற ஃபோல்டர அதுக்கு முன்னாடி) வரிசையா மேலருந்து பாத்துட்டு வரும், முதல்ல எதுல அந்தப் பேரு கெடைக்குதோ அத ஓட்டிட்டு அதோட நின்னுரும். மாரியம்மன் நோம்பில மைக்ல "செல்வராசு வாப்பா"ன்னு கூப்டா முன்னாடி நிக்குற செல்வராசு தான் போவான், பின்னாடி எத்தன செல்வராசு இருந்தாலும் பிரயோசனமில்ல, அது மாதிரி தான். கீழ வர்ற கேள்வில பாதிக்கு மேல இந்த வரிசைய வெச்சே பதில் சொல்லிரலாம்.

இன்னொன்னு, ஜிசிசிக்கு பாத்த தவுர வேற வேரியபிள் எதுவும் தேவையில்ல. தான் எந்த ஃபோல்டர்ல இருக்கோம்னு பாத்து அங்கருந்தே தன்னோட ஹெடரையும் லைப்ரரியையும் கண்டுபிடிச்சுக்கும். ஜிசிசி ஹோம்னு ஒன்னு செட் பண்ணுன்னு வீடியோல சொன்னாங்கன்னு சில பேரு வர்றாங்க, அது ஜாவா ஹோம பாத்து யாரோ கெளப்பி வுட்டது, ஜிசிசி அத படிக்கறதே இல்ல.

இன்ஸ்டாலர்ல கடைசியா பாத்ல சேக்கவான்னு ஒரு டிக் பாக்ஸ் வருது. டிக் அடிக்கலாங்களா?

மெஷின்ல வேற கம்பைலர் எதுவும் இல்லன்னா அடிங்க, தொந்தரவில்ல. ஆர்ம் டூல்செயின் (ஆர்ம் சிப் போர்டுக்கு கம்பைல் பண்ற கம்பைலர், டீபக்கர் எல்லாம் சேந்த தொகுப்பு) இன்ஸ்டாலர்ல இது கடைசிப் பக்கத்துல வரும், அவசரத்துல ஃபினிஷ் அமுக்கிட்டு தவற விட்டுருவாங்க. பைத்தான் இன்ஸ்டாலர்ல முதல் பக்கத்துலயே அடில இருக்கும், தானா டிக் ஆகியிருக்காது. ஏற்கனவே ஒரு ஜிசிசி இருக்குன்னா, மொதல்ல அது எங்க இருக்குன்னு பாத்துட்டு அப்பறம் முடிவு பண்ணுங்க, எப்படிப் பாக்கறதுன்னு கீழ இருக்கு.

பாத்ல சேத்துட்டேன், சத்தியமா சேத்துட்டேன், ஆனாலும் ரெகக்னைஸ் ஆகலன்னு தான் வருது.

சேக்கறதுக்கு முன்னாடியே தொறந்து வெச்ச கருப்பு விண்டோலயே திரும்பத் திரும்ப அடிச்சுட்டு இருக்கீங்களா? மேல சொன்னேன்ல, புரோகிராம் ஸ்டார்ட் ஆகறப்போ தான் பட்டியல் காப்பி ஆகும், அப்பறம் நீங்க மாத்துனது தொறந்திருக்கற விண்டோவுக்குத் தெரியாது. மூடிட்டு புதுசா தொறங்க. விஷுவல் ஸ்டுடியோ கோட் வெச்சிருக்கறவங்க உள்ள இருக்கற டெர்மினல மட்டும் மூடித் தொறந்தா பத்தாது, ஏன்னா அந்த டெர்மினல் கோட் கிட்ட இருந்து தான் பட்டியல வாங்குது, அந்த கோடோ பழைய பட்டியலோட தொறந்தது. அதோட எல்லா விண்டோவையும் மூடிட்டு தொறங்க.

அதுக்கும் சரியாகலன்னா ஃபோல்டர பாருங்க. டூல்செயினோட தலைமை ஃபோல்டர குடுத்திருப்பீங்க, அதுக்குள்ள இருக்கற பின் ஃபோல்டர குடுத்திருக்கணும். இல்லன்னா ஃபோல்டருக்குப் பதிலா எக்ஸி ஃபைலையே குடுத்திருப்பீங்க, அதுவும் செல்லாது.

எம்சிஸ்2 போட்டேன், ஆனா அதுக்குள்ள ஜிசிசியே இல்லையே?

இருக்காது. எம்சிஸ்2ங்கறது விண்டோஸ்ல லினக்ஸ் மாதிரி டூல்கள் போட்டுக்கறதுக்கு காலியான ஒரு கூடு தான், அதுல பேக்மேன்ங்கற பேக்கேஜ் எறக்குற கமாண்ட் வெச்சு நாம தான் கம்பைலர எறக்கணும். ஸ்டார்ட் மெனுல எம்சிஸ், மிங்டபிள்யூ64, யூசிஆர்டி64, கிளாங்64ன்னு பல ஐகான் வரும், அதுல யூசிஆர்டி64 தொறந்து, அதுக்குரிய ஜிசிசி பேக்கேஜ் பேருக்குள்ள யூசிஆர்டின்னு இருக்கான்னு பாத்துட்டு போடுங்க. சும்மா ஜிசிசின்னு மட்டும் போட்டா வர்றது வேற ஒன்னு, அதுல கம்பைல் பண்ணுன எக்ஸி எம்சிஸோட டிஎல்எல் (புரோகிராம் ஓடறப்போ தேடற லைப்ரரி ஃபைல்) இல்லாம ஓடாது, ஃப்ரெண்டு மெஷின்ல எடுத்துட்டுப் போனா அங்க செத்துரும். பாத்ல சேக்க வேண்டியது எம்சிஸ்64க்குள்ள யூசிஆர்டி64, அதுக்குள்ள பின். யூஎஸ்ஆர் பின் ஃபோல்டர சேக்கவே சேக்காதீங்க, அதுல ஃபைண்ட், சார்ட்னு விண்டோஸ்ல இருக்கற பேருலயே வேற வேலை பாக்குற டூல்கள் இருக்கு, ஒன்னுக்கொன்னு மோதும்.

அப்பறம் இந்த எம்சிஸ் விண்டோக்குள்ள போயி பைத்தான்னு அடிச்சா இல்லைங்குது, வெளிய இருக்குதேன்னு கேப்பாங்க. விண்டோஸோட முழு பாத்த அது வேணும்னே உள்ள எடுத்துக்கறதில்ல. எடுக்க வெக்க ஒரு செட்டிங் இருக்கு, ஆனா அது அப்படியே இருக்கறது தான் நமக்கு நல்லது.

நேத்து தான் புது ஜிசிசி போட்டேன், வெர்ஷன் கேட்டா ஏதோ பழசு காட்டுது. இது எங்கருந்துங்ண்ணா வந்துச்சு?

கமாண்ட் ப்ராம்ப்ட்ல "வேர்"னு (இங்கிலீஷ்ல எங்கேன்னு கேக்குற சொல்லு) அடிச்சு ஒரு இடம் விட்டு ஜிசிசின்னு அடிங்க, மெஷின்ல பாத் வழியா கெடைக்குற எல்லா ஜிசிசியும் வரிசையா வரும், முதல் வரி தான் ஓடுறது. பவர்ஷெல்ல இதே "வேர்" வேற ஒரு கமாண்டுக்கு சுருக்குப் பேரு, ஒன்னும் சொல்லாம சும்மா இருக்கும், அங்க "வேர் டாட் எக்ஸி"ன்னு முழுசா அடிக்கணும்.

பாதி நேரம் அந்த முதல் வரில ஸ்ட்ராபெர்ரி பெர்ல்னு இருக்கும். பெர்ல் தான போட்டோம், கம்பைலர் எப்படி வந்துச்சுன்னு பசங்க தலைய சொறிவாங்க. அதுல பெர்ல் மாட்யூல் கம்பைல் பண்றதுக்குன்னு ஒரு முழு ஜிசிசியையே உள்ள வெச்சுத் தான் குடுக்குறாங்க, இன்ஸ்டாலர் அதோட ஃபோல்டரையும் பாத்ல ஏத்திரும். கோட் பிளாக்ஸும் அப்படித் தான், மிங்டபிள்யூ (விண்டோஸுக்கான ஜிசிசி) சேந்த இன்ஸ்டாலர்னு ஒன்னு இருக்கு, அது பாத்ல ஏத்தாது, ஆனா நீங்க ஒரு தடவ கையால ஏத்தி மறந்திருப்பீங்க.

இதுல ஒரு நுணுக்கம் இருக்கு, ரொம்பப் பேருக்குத் தெரியல. விண்டோஸ்ல பாத் ரெண்டு. ஒன்னு சிஸ்டத்தோடது, ஒன்னு உங்க யூசரோடது. ஓட்றப்போ சிஸ்டத்தோடத முன்னாடியும் உங்களோடத பின்னாடியும் ஒட்டித் தான் குடுக்கும். ஆக உங்க யூசர் பாத்ல முதல் வரிக்குக் கொண்டு போயி வெச்சாலும், சிஸ்டம் பாத்ல ஒரு பழைய ஜிசிசி இருந்தா அது தான் ஜெயிக்கும். மூவ் அப் பட்டன எத்தன தடவ அமுக்குனாலும் நடக்காது. அந்தப் பழைய வரிய சிஸ்டம் பாத்ல கீழ எறக்குங்க, இல்ல எடுத்துருங்க.

யூட்யூப்ல செட்எக்ஸ் கமாண்ட் வெச்சு ஒரே வரில பாத் சேக்கலாம்னு சொல்றாங்களே?

வேண்டாம் கண்ணு. அந்தக் கமாண்ட் 1024 எழுத்துக்கு மேல இருந்தா மிச்சத்த வெட்டிப் போட்டுரும், வார்னிங் ஒரு வரி வரும், அத யாரு படிக்கறா. அது போக அந்த வீடியோல சொல்ற மாதிரி பழைய பாத்த ரெண்டு சதவீதக் குறிக்கு நடுவுல போட்டு அது கூட புதுச ஒட்டுனா, சிஸ்டம் பாத்தும் யூசர் பாத்தும் கலந்து மொத்தமா யூசர் பாத்ல போயி உக்காந்துக்கும். அப்பறம் எது எங்கருந்து வருதுன்னு பிரிக்கவே முடியாது. ஸ்டார்ட்ல என்விரான்மென்ட்னு தேடுனா "உங்க அக்கவுண்டுக்கான வேரியபிள்கள மாத்து"ங்கற அர்த்தத்துல ஒன்னு வரும், அத தொறந்து நியூ அமுக்கி சேருங்க. மாத்தறதுக்கு முன்னாடி இருக்கறத ஒரு நோட்பேட்ல காப்பி பண்ணி வெச்சுக்கங்க, ஒரு நிமிசம் கூட ஆகாது.

டூல்செயின் கூடவே தனியா ஒரு பைத்தானும் வந்து எறங்குது. எங்கிட்ட தான் பைத்தான் இருக்கே, எடம் வேற இல்ல, அத அழிச்சிரலாமா?

அழிக்காதீங்க. அது உங்களுக்காக வந்த பைத்தான் இல்ல, டூல்செயின் தனக்குன்னு கூட்டிட்டு வந்தது. ஜிடிபிய (புரோகிராம்ல தப்பு தேடற டீபக்கர்) எடுத்துக்கங்க, டீபக் பண்றப்போ ஒரு வெக்டருக்குள்ள என்ன இருக்குன்னு அழகா எலிமெண்ட் எலிமெண்டா காட்டுதுல்ல, அந்த வேலைய பண்றது பைத்தான்ல எழுதுன ஸ்கிரிப்ட். ஜிடிபிக்குள்ளயே பைத்தான் இன்டர்பிரட்டர் பொதிஞ்சிருக்கும், அது எந்தப் பைத்தான் வெர்ஷனோட பில்ட் பண்ணுனாங்களோ அதே வெர்ஷன் டிஎல்எல்லும் அதே வெர்ஷன் ஸ்டாண்டர்ட் லைப்ரரியும் தான் அதுக்கு வேணும். 3.8க்கு பில்ட் ஆனதுக்கு நீங்க வெச்சிருக்கற 3.12 ஆகாது, கிட்டத்தட்ட ஒன்னு தானேன்னு தோணும், ஆகாது. ஆர்ம் டூல்செயின்ல பைத்தான் இல்லாத ஜிடிபி ஒன்னு, பைத்தான் சேந்தது ஒன்னுன்னு ரெண்டு பேருல குடுத்ததே இந்தத் தொல்லைக்காகத் தான்.

எம்ஸ்கிரிப்டன் (சி புரோகிராம பிரவுசர்ல ஓடற மாதிரி மாத்துற கம்பைலர்) இன்னும் ஒரு படி மேல. அந்தக் கம்பைலரோட முன்பக்கமே பைத்தான் ஸ்கிரிப்ட், கம்பைல் பண்றப்போவும், கம்பைல் ஆகி வர்றத ஓட்டறதுக்கும் நோட் (ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டற டூல்) வேற வேணும், அதனால விண்டோஸ்ல அதோட இன்ஸ்டால் தொகுப்பான எம்எஸ்டிகே போட்டா ரெண்டையும் தானே எறக்கிக்கும். அதோட என்வ் ஸ்கிரிப்ட ஓட்டுனா அந்த விண்டோக்கு மட்டும் பாத்தையும், என் பைத்தான் இங்க இருக்கு, என் நோட் இங்க இருக்குன்னு தனித்தனி வேரியபிளையும் செட் பண்ணும், விண்டோவ மூடுனா எல்லாம் போயிரும். எனக்கு இந்த முறை தான் ரொம்பப் புடிச்சிருக்கு, எல்லா டூல்செயினும் இப்படி இருந்தா எங்கிட்ட வர்ற லேப்டாப்ல பாதி வராது.

கோட் மாத்தங்கள பதிஞ்சு வெக்கற கிட் டூல போட்டா அதுக்குள்ளயும் ஒரு பெர்ல், ஒரு பேஷ் இருக்கு, தெரியுமா? இதையெல்லாம் அழிக்கவும் வேணாம், அதுங்களோட ஃபோல்டர பாத்ல தூக்கி வெக்கவும் வேணாம். உங்க புரோகிராமுக்கு உங்க பைத்தான், டூல்செயினுக்கு அதோட பைத்தான்.

ஜிடிபி தொறந்தவொடனே என்கோடிங்ஸ்னு ஒரு மாட்யூல் இல்லைன்னு சொல்லிட்டு செத்துருது. பைத்தான தூக்கிட்டு மறுபடி போட்டும் போகல.

மறுபடி போட்டா போகாது. யாரோ எப்பவோ பைத்தான்ஹோம்னு ஒரு வேரியபிள செட் பண்ணி வெச்சிருக்கீங்க. அந்த வேரியபிள் இருந்தா மெஷின்ல இருக்கற எந்தப் பைத்தானா இருந்தாலும், ஜிடிபிக்குள்ள ஒளிஞ்சிருக்கறதும் சேத்து, தன்னோட லைப்ரரிய வுட்டுட்டு அந்த ஃபோல்டர்ல போயித் தேடும். அங்க இருக்கறது வேற வெர்ஷன், இல்ல அந்த ஃபோல்டரே இப்போ இல்ல. என்கோடிங்ஸ் தான் பைத்தான் ஸ்டார்ட் ஆகறப்போ முதல்ல கேக்குற மாட்யூல்கள்ல ஒன்னு, அதனால சாவும் அங்கயே.

அந்த வேரியபிள அழிங்க, சிஸ்டம், யூசர் ரெண்டு இடத்துலயும் பாத்து அழிங்க. பைத்தான்பாத்ங்கறதும் கிட்டத்தட்ட இதே தொல்லை தான், அதுல போட்ட ஃபோல்டர எல்லாப் பைத்தானும் சேத்துப் படிக்கும், ஒரு வெர்ஷனுக்குன்னு எறக்குன பேக்கேஜ இன்னொரு வெர்ஷன் எடுத்து மூக்கு ஒடஞ்சு நிக்கும். சாதாரணமா கத்துக்குற பசங்களுக்கு இந்த ரெண்டு வேரியபிளும் தேவைப்படற எடமே வராது. தனி பேக்கேஜ் வேணும்னா வென்வ் (ஒரு ப்ராஜெக்ட்டுக்குன்னு தனியா வெச்சுக்கற பைத்தான் ஃபோல்டர்) போடுங்க.

பைத்தான்னு அடிச்சா மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் தொறக்குது, இதென்ன கூத்து?

விண்டோஸ் தானே வெச்சிருக்கற பொம்மை எக்ஸி அது, ஸ்டோருக்குக் கூட்டிட்டுப் போறது தான் அதோட வேலை. செட்டிங்ஸ்ல ஆப்ஸ்ல போயி ஆப் எக்ஸிகியூஷன் ஏலியஸ்னு தேடி பைத்தான் ரெண்டையும் ஆஃப் பண்ணுங்க. பைத்தான் டாட் ஆர்க்ல இருந்து போட்டிருந்தா "பிஒய்"ன்னு ரெண்டே எழுத்து அடிச்சும் ஓட்டலாம்.

என் யூசர் ஃபோல்டர் பேரு மலையாளத்துல இருக்கு, அதனாலயா கம்பைல் ஆகல?

ஆமா, ஆகறதுக்கு ரொம்ப வாய்ப்பு இருக்கு. நம்ம பக்கம் இது அடிக்கடி வரும், கடைக்காரங்க விண்டோஸ் போட்டுக் குடுக்கறப்போ ஆசையா பையன் பேர மலையாளத்துலயோ தமிழ்லயோ அடிச்சு அக்கவுண்ட் வெச்சுக் குடுத்துருவாங்க. பழைய மிங்டபிள்யூ டூல்கள் விண்டோஸோட பழைய எழுத்துப் பட்டியல் முறைல தான் ஃபைல் பேரப் படிக்கும், அந்த முறைல தமிழுக்கும் மலையாளத்துக்கும் எடமே ஒதுக்கல, ரெண்டும் யூனிகோட்ல மட்டும் தான் உண்டு. அதனால உங்க பேரு அதுக்குப் போறப்போ வரிசையா கேள்விக்குறியா மாறிப் போகும், அப்பறம் அப்படி ஒரு ஃபோல்டரே இல்லைன்னு தான சொல்லும். புது வெர்ஷன்ல கொஞ்சம் பரவால்ல, ஆனா கூட இருக்கற எல்லா டூலும் புதுசா இருக்கும்னு சொல்ல முடியாது.

கண்ட்ரோல் பேனல்ல போயி அக்கவுண்ட் பேர இங்கிலீஷ்ல மாத்துனா திரையில தெரியற பேரு தான் மாறும், யூசர்ஸ்க்குள்ள இருக்கற ஃபோல்டர் மாறாது. அந்த ஃபோல்டர நேரா ரீநேம் பண்ணவும் பண்ணாதீங்க, லாகின் பிரச்சனை வரும். ரெண்டு வழி இருக்கு. புதுசா இங்கிலீஷ் எழுத்துல, நடுவுல இடமில்லாம ஒரு யூசர் உண்டாக்கி அதுல வேலை பாக்கறது ஒன்னு. அது முடியலன்னா டூல்செயின நேரா சி டிரைவ்ல ஒரு சின்னப் பேரு ஃபோல்டர்ல போட்டு, உங்க புரோகிராமையும் அதே மாதிரி வெளிய வெச்சுக்கிட்டு, டெம்ப், டிஎம்பின்னு இருக்கற ரெண்டு வேரியபிளையும் சி டிரைவ்ல டெம்ப்னு ஒரு ஃபோல்டர் உண்டாக்கி அங்க திருப்பி வுடுங்க. இந்தக் கடைசி வேலைய எல்லாரும் மறந்துருவாங்க. ஜிசிசி நடுவுல உண்டாக்குற ஃபைலயெல்லாம் டெம்ப்ல தான் எழுதும், அந்த டெம்ப் உங்க மலையாளப் பேரு ஃபோல்டருக்குள்ள தான இருக்கு.

பேருக்கு நடுவுல இடம் விட்டிருந்தா? ஜிசிசி தாங்கும், மேக்ங்கற பில்ட் டூல் (ஆப்பிள் மேக் இல்ல) தாங்காது. மேக்ஃபைலுக்கு இடம்னா அடுத்த ஃபைலு. அதனால புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டர்லயும் டூல்செயின் போடாம இருக்கறது நல்லது.

உபுண்டுல இதெல்லாம் வேண்டாந்தான?

கம்பைலருக்கு வேண்டாம். பில்ட் எசென்ஷியல்னு ஒரு பேக்கேஜ் போட்டா ஜிசிசி, மேக் எல்லாம் சரியான இடத்துல தானா உக்காந்துக்கும், 22.04ல ஜிசிசி 11, 24.04ல 13 வரும். இன்னொரு வெர்ஷன் வேணும்னா நம்பர் போட்ட பேக்கேஜ் பக்கத்துலயே போடலாம், பழசு அப்படியே இருக்கும், ஓட்றப்போ நம்பரோட கூப்டுங்க.

ஆனா ஒன்னு மட்டும் செய்யவே செய்யாதீங்க. சிஸ்டத்தோட பைத்தான்3 எதக் காட்டுதுங்கறத அப்டேட் ஆல்டர்நேட்டிவ்ஸ் வெச்சு புது வெர்ஷனுக்கு மாத்தறது. ஜிசிசிக்கு அத செய்யலாம், பைத்தானுக்குக் கூடாது. ஆப்ட் (உபுண்டுல பேக்கேஜ் எறக்குறது) சம்பந்தப்பட்ட டூல்கள் பல பைத்தான்ல தான் இருக்கு, அதுங்க கேக்குற மாட்யூல் அந்த ஒரு வெர்ஷனுக்கு மட்டும் கம்பைல் ஆனது. மாத்துனா ரெப்போ சேக்க முடியாது, சில சமயம் டெர்மினலே தொறக்காது. 23.04ல இருந்து பிப் (பைத்தான் பேக்கேஜ் எறக்குறது) போட்டாலே எக்ஸ்டர்னலி மேனேஜ்டுன்னு தடுக்கறதும் இந்த மாதிரி கூத்த நிறுத்தறதுக்குத் தான், அத உடைக்கற ஆப்ஷன தேடாதீங்க, வென்வ் போடுங்க.

வெளிய இருந்து எறக்குன டூல்செயின்னா, உங்க பேஷ்ஆர்சி ஃபைல்ல பாத்ல சேருங்க. விண்டோஸ்ல ஃபோல்டருக்கு நடுவுல செமிகோலன், இங்க வெறும் கோலன். பேஷ்ஆர்சில போட்டது டெர்மினலுக்கு மட்டும் தான், டாக்ல க்ளிக் பண்ணி தொறக்குற எடிட்டருக்கும் வேணும்னா ப்ரொஃபைல் ஃபைல்ல போட்டு லாகவுட் பண்ணி வாங்க. சூடோ (அட்மினா ஓட்டறது) போட்டா மட்டும் கமாண்ட் காணோம்னு வந்தா பயப்படாதீங்க, சூடோ தனக்குன்னு ஒரு பாத் வெச்சிருக்கு, உங்களோடத பாக்காது.

இன்க்ளூட், லிப், சிபாத், லைப்ரரி பாத்னு எல்லாம் செட் பண்ணச் சொல்றாங்களே?

சிபாத்த ஜிசிசி படிக்கும், லைப்ரரி பாத்தையும் படிக்கும், அதனாலயே நிரந்தரமா செட் பண்ணாதீங்க. ஒரு ப்ராஜெக்ட்டுக்குன்னு போட்ட ஹெடர் ஃபோல்டர் அடுத்த செமஸ்டர்ல ஆர்ம் போர்டுக்கு கம்பைல் பண்றப்போவும் உள்ள நொழையும், எர்ரர் வர்ற எடத்துக்கும் காரணத்துக்கும் சம்பந்தமே இருக்காது. மேக்ஃபைல்ல பெரிய எழுத்துல ஐ, எல் ஃப்ளாக் போட்டா வேலை முடிஞ்சுது. இன்க்ளூட், லிப்ங்கறது விஷுவல் ஸ்டுடியோவோட கம்பைலருக்கு, அத கையால செட் பண்ண வேண்டியதே இல்ல, அது கூட வர்ற டெவலப்பர் கமாண்ட் ப்ராம்ப்ட தொறந்தா எல்லாம் அதுல ரெடியா இருக்கும்.

எம் மெஷின்ல ஓடற எக்ஸி லேப் மெஷின்ல டிஎல்எல் இல்லைங்குது.

லேப்ல உங்க டூல்செயினோட பின் ஃபோல்டர் பாத்ல இல்ல, சி பிளஸ் பிளஸ் ரன்டைம் டிஎல்எல் அங்க தான் இருக்கு. லிங்க் பண்றப்போ ஸ்டேட்டிக் ஃப்ளாக் போட்டுட்டு எடுத்துட்டுப் போங்க. டிஎல்எல் இருந்தும் ப்ரொசீஜர் என்ட்ரி பாயிண்ட் இல்லைன்னு வந்தா, வேற வெர்ஷன் டிஎல்எல் பாத்ல முன்னாடி நிக்குதுன்னு அர்த்தம், "வேர்" போட்டுப் பாருங்க.

காலேஜ்ல டர்போ சி தான், அதுல இதெல்லாம் இல்லவே இல்லையே?

அதுல ஆப்ஷன்ஸ் மெனுல டைரக்டரீஸ்ல எழுதறதோட சரி. அதுவும் பழைய டாஸ் புரோகிராம ஓட்டற டாஸ்பாக்ஸுக்குள்ள ஓடுது, வெளிய இருக்கற பாத் அதுக்குத் தெரியவே தெரியாது. பரீட்சைக்கு வேணும்னா வெச்சுக்கங்க, கத்துக்கறதுக்கு வேண்டாம்.

ஆர்ம் ஒன்னு, மிங்டபிள்யூ ஒன்னு, எம்ஸ்கிரிப்டன் ஒன்னு, மூணும் வேணும். எப்படிங்ண்ணா மேய்க்கறது?

எதையும் நிரந்தர பாத்ல வெக்காதீங்க. ஒவ்வொன்னுக்கும் ஒரு சின்ன பேட்ச் ஃபைல், அதுல பாத்துக்கு முன்னாடி அந்தப் பின் ஃபோல்டர ஒட்டற ஒரே ஒரு செட் வரி. செட் தான், செட்எக்ஸ் இல்ல. செட் அந்த விண்டோவோட போயிரும். சிமேக்ங்கற பில்ட் டூல் உபயோகிக்கறவங்க மட்டும் ஒன்னு கவனிங்க, அது முதல் தடவ ஓட்றப்போ கண்டுபிடிச்ச கம்பைலர பில்ட் ஃபோல்டர்ல எழுதி வெச்சுக்கும், அப்பறம் சிசி, சிஎக்ஸ்எக்ஸ்னு என்ன வேரியபிள் மாத்துனாலும் திரும்பிப் பாக்காது. கம்பைலர் மாத்துனா பில்ட் ஃபோல்டர அழிச்சிட்டு மறுபடி ஓட்டுங்க.

அன்இன்ஸ்டால் பண்ணா பாத்ல இருந்தும் போயிருமா?

சில இன்ஸ்டாலர் எடுக்கும், சிலது எடுக்காது. ஜிப்ல இருந்து பிரிச்சு நீங்களே சேத்ததுன்னா நீங்களே தான் எடுக்கணும். ஃபோல்டர் இல்லாத வரி பாத்ல கெடந்தா அதனால எர்ரர் ஒன்னும் வராது, தாண்டிப் போயிரும், ஆனா பின்னாடி அதே பேருல வேற வெர்ஷன பிரிச்சு வெச்சீங்கன்னா அது திரும்ப உயிரு வந்து முன்னாடி நிக்கும், அதனால அப்பவே எடுத்துருங்க.